வெளியே பெஞ்சில் இருக்கிறார்

கோட்டையின் உச்சிக்கு எழுபத்தொரு படி. ஏறும்போது ஒரு முறை எண்ணினேன், இறங்கும்போது ஒரு முறை எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போனதால் கொப்பியில் எழுதினேன்: "படி 71. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இடையில் உட்கார இடமில்லை. அப்பாவுக்குச் சரிவராது." அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன். மேலேயிருந்து பார்த்தால் தீவின் பெரும்பகுதி தெரியும் என்று அங்கே பலகையில் எழுதியிருந்தது. தெரிந்ததா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அது ஒரு ஏப்ரல் சனிக்கிழமை. இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால், கப்பலில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற வைட் தீவுக்கு நான் தனியாகப் போயிருந்தேன். தீவின் நடுவில் ஒரு சின்ன நகரம். அதிலும் அருகிலுமாக ஒரு கோட்டை, ரோமர்கள் காலத்து வீடு ஒன்று, நகரத்தின் பழைய சாமான்களை வைத்திருக்கிற ஒரு அருங்காட்சியகம். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு லண்டன் திரும்ப முடியுமா, அறுபத்தெட்டு வயதான, இருதயத்தில் ஒரு குழாய் வைத்த மனிதரால் அது முடியுமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

அப்போது எனக்கு வேலை, கட்டடங்களின் மின்னிணைப்புகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவசர விளக்கு எங்கே, வெளியேறும் கதவு எங்கே என்றுதான் முதலில் கண் போகும். எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் மூன்று பெட்டி: சரி, சரியில்லை, திரும்பப் பார்க்க வேண்டும். வேலைக்கு வெளியே எனக்கு வேறு எந்த வாழ்க்கையும் பெரிதாக இல்லாததால், அந்தப் படிவத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

அப்பாவைப் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. படிக்க வந்து, படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, விசா மாறி, ஆறு வருடம். அவர் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். எங்கள் குடும்பம் என்பது நாங்கள் இரண்டு பேர்தான். நான் வருகிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அப்பா, "இப்ப வராதை. இஞ்ச நிலைமை சரியில்லை. பொலிஸ் சோதனையும் தமிழ் ஆக்களைப் பதியிறதும்தான் நடக்குது" என்பார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் வைத்து, இரத்தக் குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு அதைச் சொன்னது மூன்று கிழமை கழித்து. "ஒண்டுமில்லை பிள்ளை. அடைச்ச பைப்புக்கு உள்ள ஒரு சின்னப் பைப். உன்ர வயரிங் வேலை மாதிரித்தான்" என்றார். என் தொழிலில் இரண்டும் ஒன்றில்லை.

அதற்குப் பிறகுதான் அவரை இங்கே கூப்பிடுவது என்று முடிவெடுத்தேன். ஜூன் மாதம், மூன்று கிழமை, இருபத்தொரு நாள். விருந்தினர் விசா. அதற்காக ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கொப்பியோடு கிளம்பினேன்.

நான் அறையெடுத்திருந்தது கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு வீட்டில். வீட்டுக்கார அக்காவும் அவருடைய கணவரும் பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். பக்கத்தில் குட்மேய்ஸில் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள். தீவுக்குப் போன அன்று காலையில் அக்கா கடைக்குப் போக ஜாக்கெட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க தங்கச்சி, விடியவெள்ளண கொப்பியும் கையுமா?"

"மியூசியம் பாக்கப் போறன் அக்கா. ஒரு தீவுக்கு."

"தனியவோ?"

"ஓம்."

"உமக்கு லண்டனில இருக்கிற மியூசியம் காணாதே? கடல் தாண்டியும் போகவேணுமே?"

"அப்பா வரேக்க கூட்டிக்கொண்டு போகத்தான். முதல்ல போய்ப் பாத்துவைக்கிறன்."

அக்கா ஜிப்பை மேலே இழுத்தார். "அவர் வாறது உம்மைப் பாக்க. இடிஞ்ச சுவர் பாக்க எண்டால் அவருக்கு அனுராதபுரம் கிட்ட. பஸ்ஸில போய்ட்டு வந்திடலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி சரி, அண்டைக்கு ரெண்டு பேருக்கும் நான் புட்டு அவிச்சுத் தாறன். இந்த நாட்டுச் சாண்ட்விச்சைக் குடுத்து அந்த மனுசனைச் சாகடிச்சுப்போடாதையும்" என்றார்.

பட்டியலில் அதற்குள் முப்பத்தெட்டு இடங்கள் சேர்ந்திருந்தன. பெரிய அருங்காட்சியகங்களில் உட்கார இடத்துக்குக் குறையில்லை. லண்டன் ஆற்றோரக் கோட்டையில் தரை முழுக்க உருண்டைக் கல். ரப்பர் அடிச் சப்பாத்து வேண்டும். ஆர்ச்வே முருகன் கோயிலையும் சேர்த்திருந்தேன். சுரங்க ரயில் நிலையத்திலிருந்து அங்கே ஏற்றம், அதனால் பஸ். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு நிரல்கள்: படி, கைப்பிடி, பெஞ்ச், கழிவறை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தன என்பதைப் பற்றி நிரல் எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் யாரோடும் கதைத்ததில்லை. ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது, அன்று காலையிலிருந்து எத்தனை சொல் வாயிலிருந்து வந்தது என்று ரயிலில் இருந்து எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பதினொன்று. "ஒரு டிக்கெட்", "நன்றி", "கழிவறை எங்கே", "மன்னிக்கவும்", மறுபடி "நன்றி". எண்ணி முடித்ததும் எனக்கே சங்கடமாக இருந்தது. அந்த எண்ணை எந்த நிரலிலும் எழுதவில்லை.

தீவைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். ஒரு தீவில் தொடங்கியவருக்கு இன்னொரு தீவைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவர், "தீவானுக்கே தீவு காட்டப் போறியோ? ஏன், அங்க உப்புத் தண்ணி இனிக்குமோ?" என்றார். ஆனால் மறுநாள் அவரே தொலைபேசி எடுத்து, கப்பலில் எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

லண்டனிலிருந்து ரயிலில் கரைக்கு வந்து கப்பலில் ஏறினேன். தீவில் இறங்கியதும் ஒரு நீண்ட மரப்பாலம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் கரைவரை ஒரு ரயில் ஓடுகிறது. ஏறினால், லண்டனில் கழித்துவிட்ட பழைய சுரங்க ரயில் பெட்டிகள். உட்கார்ந்தபோது, தினமும் வேலைக்குப் போகிற ரயிலே என்னைப் பின்தொடர்ந்து கடல் தாண்டி வந்துவிட்டதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மட்டும் சுவருக்குப் பதிலாகக் கடல். அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன். அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒன்றுக்காகச் செய்த பொருளை இன்னொன்றுக்குப் பொருத்துவது எதுவானாலும் அவருக்குப் பிடிக்கும்.

கோட்டைக்குப் பிறகு ரோமர் வீட்டுக்கு நடந்தேன். சாதாரணக் குடியிருப்புத் தெரு. இரண்டு பக்கமும் கார்கள், குப்பைத் தொட்டிகள், ஒரு வீட்டு வாசலில் சிறுபிள்ளையின் மூன்று சக்கரச் சைக்கிள். வீடுகளுக்கு நடுவில் ஒரு கூரைக்குக் கீழே ஆயிரத்தெழுநூறு வருடம் பழைய சுவர்கள், முழங்கால் உயரத்தில். தரைக்குக் கீழே நெருப்பின் சூட்டை ஓடவிட்டு அறையை வெதுவெதுப்பாக வைத்த அமைப்பு அப்படியே இருந்தது. அதன் முன்னால் மட்டும் நான் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். சூடு எந்த வழியாகப் போய் எங்கே வெளியேறியது என்று கண்ணால் தொடர முடிந்தது.

நுழைவு மேசையில் எழுபது வயதுக்குக் கிட்டிய ஒரு ஆங்கிலேயப் பெண், பள்ளிப் பிள்ளைகளுக்கான பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருவர்தானா?"

"ஒருவர்தான்."

நான் உள்ளே சுற்றிவிட்டு வந்து, வாசற்படியின் உயரத்தைக் கையால் அளந்து, கழிவறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்ததை அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"நீங்கள் கவுன்சிலிலிருந்து சோதனைக்கு வந்தவரா? வந்தால் முன்கூட்டியே கடிதம் போடுவார்களே" என்றார், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு.

"இல்லை. ஜூனில் என் அப்பா இலங்கையிலிருந்து வருகிறார். அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. உள்ளே உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்."

"இல்லையே" என்று அவர் சொன்ன விதத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "வெளியே ஒரு பெஞ்ச் இருக்கிறது. உள்ளே... இருங்கள், அந்தக் கல் பதித்த தரைச் சித்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். ஜூன்தானே? சனிக்கிழமைகளில் நான்தான் இருப்பேன். உங்கள் அப்பாவின் நாற்காலி என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் அதில் ஏறி நின்றால் மட்டும் என்னைக் குறை சொல்லாதீர்கள்."

அன்று பதினொன்றைத் தாண்டி நிறைய சொற்கள் கதைத்தேன்.

மறுநாள் ஞாயிறு காலை, வழக்கம்போலத் தொலைபேசி அட்டையின் நீண்ட எண்ணை அழுத்தி அப்பாவை எடுத்தேன். ரோமர் வீட்டின் வரைபடத்தை நான் கையால் கீறி முதல் நாள் இரவே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவருடைய பக்கத்து வீட்டுப் பையன் அச்செடுத்துக் கொடுத்திருந்தான்.

"பாத்தன். என்ன பிள்ளை இது? அளவுத்திட்டம் போடேல்லை. வடக்கு எந்தப் பக்கம் எண்டும் இல்லை. உனக்கு ஆர் எஞ்சினியர் பட்டம் தந்தது?"

"அப்பா, நாற்காலி போடுறன் எண்டு சொல்லியிருக்கினம்."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

"ரோமன்காரன்ர வீட்டுக்குள்ள எனக்குக் கதிரையோ" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

விசா விண்ணப்பத்துக்கான ஆவணங்களை மே மாதத் தொடக்கத்தில் கொழும்புக்கு அனுப்பினேன். என் சம்பளக் கடிதம், வீட்டுக்கார அக்காவின் சம்மதக் கடிதம், வங்கி அறிக்கைகள். அதோடு நாற்பத்திரண்டு இடங்களைக் கொண்ட பயணத் திட்டம், ஒரு பக்கத்துக்கு ஆறு இடம், ஏழு பக்கம். அப்பா சும்மா வரவில்லை, இடங்களைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எந்த அலுவலரும் ஒப்புக்கொள்வார் என்று நம்பினேன். அனுப்புவதற்கு முதல் நாள் திருப்பிப் பார்த்தபோது ஏதோ குறைவதாகப் பட்டது. என் தொழிலில் ஒரு இடத்தை அறிக்கையில் சேர்த்தால், அங்கே விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே ஆகவேண்டும். அதனால் ஐந்தாவது நிரல் ஒன்று சேர்த்தேன்: "மிகக் கிட்டிய ஆஸ்பத்திரி". நாற்பத்திரண்டு இடத்துக்கும் தேடிக் கண்டுபிடித்து, பெயரும் தூரமும் எழுதினேன். இரண்டு மாலை பிடித்தது. முடித்தபோது மனம் நிம்மதியாக இருந்தது.

அப்பா விசா நேர்காணலுக்குப் போன நாளில் நான் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படி விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளையில் வெளியே வந்து அவரை எடுத்தேன்.

"தரேல்லை" என்றார் அப்பா.

"ஏன்? என்ன கேட்டவை?"

"கண்ணாடிக்கு அங்கால ஒரு பிள்ளை. உன்ர வயசுதான் இருக்கும். நல்ல மரியாதையாத்தான் கேட்டது. உடம்புக்கு ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒரு வருத்தமும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறன் எண்டு சொன்னன். பின்ன என்னெண்டு சொல்லுறது? நெஞ்சில குழாயோட இருக்கிறன் எண்டால் விடுவினமே?"

"அப்பா."

"அப்ப அந்தப் பிள்ளை உன்ர பேப்பரைத் திருப்பி எனக்குக் காட்டிச்சுது. வருத்தம் இல்லாத ஆளுக்கு நாப்பத்திரண்டு ஆஸ்பத்திரி ஏன் எண்டு கேட்டுது. எனக்கு அதுவரைக்கும் அதில ஆஸ்பத்திரி இருக்கெண்டு தெரியாது பிள்ளை. நான் அந்த ஏழு பக்கத்தையும் வாசிக்கேல்லை."

மறுப்புக் கடிதத்தை அவர் பிறகு அனுப்பிவைத்தார். இருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை, வருகையின் நோக்கம் சிகிச்சையாக இருக்கக்கூடும், திருப்தியில்லை. அந்த அலுவலரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் "சரியில்லை" என்ற பெட்டியில்தான் குறி போட்டிருப்பேன். அவர் மறைத்ததை நான் நிரல் போட்டுக் கொடுத்திருந்தேன். இருவருமே மற்றவருக்காகச் செய்தோம், ஒருவரையொருவர் கேட்காமல் செய்தோம். எங்கள் இருவருக்கும் பொதுவான குணம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். அப்பா மாட்டேன் என்றார். "இன்னொருக்கா அந்தக் கண்ணாடிக்கு முன்னால போய் நிக்க என்னால ஏலாது. பொய்க்காரன் எண்டு எழுதிப்போட்டினம். விடு பிள்ளை. உனக்கு வேலை இருக்கு, எனக்குப் பேப்பர் வாசிக்க இருக்கு." அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் மட்டும் கதைத்தார். அட்டையில் எப்போதும் நிமிடங்கள் மிச்சமிருந்தன.

தீவுக்கு இரண்டு பேருக்கு முன்பே எடுத்த டிக்கெட் இருந்தது, ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்கு. மாற்ற முடியாத வகை. போவதா விடுவதா என்று நான் யோசித்ததாக நினைவில்லை. காலையில் எழுந்து, உடுத்தி, கீழே வந்தேன். சமையலறை மேசையில் இரண்டு பார்சல், தாளில் சுற்றி ரப்பர் போட்டு வைத்திருந்தது.

"ரெண்டு ஏன் அக்கா? அப்பாதான் வரேல்லையே."

"தெரியும்." அக்கா திரும்பாமலே, புட்டு அவித்த நீத்துப்பெட்டியைக் கழுவினார். "ரெண்டு எண்டு சொன்னனான், ரெண்டு அவிச்சிட்டன். ஜெர்மனியில எண்டால் சொன்னது சொன்னதுதான். மிஞ்சினால் மீனுக்குப் போடும்."

ரயிலில் ஒருவர் என் பக்கத்து இருக்கையைக் காட்டி, ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பார்சல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். புட்டின் சூடு முழங்கால்வரை தெரிந்தது.

கோட்டைக்குப் போகவில்லை. நகர அருங்காட்சியகத்தையும் கடந்து நேரே ரோமர் வீட்டுக்கு நடந்தேன். மேசையில் அதே பெண். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வந்துவிட்டீர்கள்! நாற்காலி போட்டிருக்கிறேன், போன சனிக்கிழமையும் போட்டேன், எந்தச் சனி என்று கேட்க மறந்துபோனேன் பாருங்கள். அப்பா எங்கே?"

அவருக்குப் பின்னால், தரைச் சித்திரத்தின் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மர நாற்காலி. அதன் மேல் ஒரு நீல மெத்தை. அது அங்கே இருந்த சாமான் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

"வெளியே பெஞ்சில் இருக்கிறார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அறிக்கையில் ஒரு எண்ணைக்கூடக் கூட்டி எழுதியதில்லை. அந்த மெத்தையைப் பார்த்ததும் வேறு சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

"களைத்துப்போனாரா, பாவம். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?"

"வேண்டாம். கொஞ்சம் ஆறட்டும். நான் முதலில் பார்த்துவிட்டு வருகிறேன்."

"இரண்டு பேரா, அப்போது?"

"இரண்டு பேர்."

அவர் இரண்டு டிக்கெட் கிழித்துத் தந்தார். ஒன்றில் "முதியவர்" என்று அச்சிட்டிருந்தது. உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. சின்னச் சின்னக் கல்லால் போட்ட தரை, நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஆயிரத்தெழுநூறு வருடத்துக்கு முன் அங்கே நடந்தவர்களின் குடும்பத்தில் எத்தனை பேர் என்று பலகையில் எழுதவில்லை. நான் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேசைப் பக்கம் பென்சில் சீவும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு முறை அது நின்றபோதும், அவர் எழுந்து வெளியே போய்ப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை.

வெளியேறும்போது, "அவருக்கு" என்று சொல்லி ஒரு தரைப்பட விளக்கத்தாளைக் கையில் வைத்தார். நன்றி சொல்லிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசலிலிருந்து பார்த்தால் பெஞ்ச் தெரியாது, ஒரு செடி வேலி மறைத்திருந்தது. ஒரு பார்சலைப் பிரித்தேன். மற்றதைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கைத்தொலைபேசியில் அட்டை எண்ணை அழுத்தினேன்.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் சனியெல்லே?" என்றார் அப்பா. "காத்துச் சத்தம் கேக்குது. எங்க நிக்கிறாய்?"

"தீவில. ரோமன்காரன்ர வீட்டு வாசலில."

"ஆரோட?"

"உங்களோட" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, மெத்தை, முதியவர் டிக்கெட், தண்ணீர். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

"அப்ப நான் இப்ப பெஞ்சிலயோ இருக்கிறன்?"

"ஓம்."

"பொய் சொல்ல ஆரிட்டப் பழகினனீ?"

"உங்களிட்டத்தான்."

"நான் சொன்னது ஒண்டே ஒண்டு. உடனே பிடிபட்டுப் போனன். நீ பிடிபடேல்லையோ?"

"இன்னும் இல்லை."

"ம். பெஞ்ச் எப்பிடி? முதுகு சாயலாமோ?" என்று கேட்டார்.

"சாயலாம். ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு. மூண்டு மணிக்குப் பிறகு வெயில் விழாது."

"என்ன சாப்பாடு?"

"அக்கா தந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். ரெண்டு பார்சல்."

தொலைபேசி அட்டையின் பெண்குரல் இடையில் வந்து, இன்னும் ஒரு நிமிடம் என்றது. எங்கள் வழக்கப்படி அந்த நிமிடத்தில் அப்பா கவனமாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி முடிப்பார். அன்று அவர் வேகமாகக் கதைத்தார்.

"விசாப் பாரத்தை அனுப்பு. திரும்பப் போடுவம். குழாய் வைச்சது, எந்த மாசம், எந்த டொக்டர் எல்லாம் நானே என்ர கையால எழுதுறன். டொக்டரிட்டக் கடிதமும் வாங்கிறன். நீ அந்த ஏழு பக்கத்தையும்..."

அட்டை முடிந்துவிட்டது. நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த பார்சலைத் திருப்பிப் பைக்குள் வைத்தேன்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு நான் எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. முதல் விண்ணப்பத்தில் என்ன பிழை நடந்தது என்று இரண்டு வரி. அப்பாவுக்கு இருதயத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி, பயணக் காப்புறுதி எடுத்திருப்பதாக ஒரு வரி. அவர் லண்டனில் பார்க்க வருவது என்னை என்று ஒரு வரி. நிரல் எதுவும் போடவில்லை. அனுப்பிய பிறகு ஏதோ விடுபட்டதுபோல் பல நாள் இருந்தது.

குளிர்காலம் முழுவதும் காத்திருந்தோம். மருத்துவர் கடிதம் தாமதமானது, பிறகு அப்பாவின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் நான் எங்கேயும் போகவில்லை. அறையில் இருந்தேன், துணி தோய்த்தேன். அக்கா கீழேயிருந்து, "தங்கச்சி, இண்டைக்கு உடைஞ்ச சுவர் ஒண்டும் இல்லையோ?" என்று கூப்பிடுவார்.

அடுத்த வருடம் மே மாதம் அப்பா வந்தார். விமான நிலையத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் அவரைக் கண்டபோது, வண்டிதான் பெரிதோ அவர்தான் சிறியவரோ என்று சட்டென்று பிடிபடவில்லை. கோட் கை நீளம் விரல்வரை வந்திருந்தது. ஏழு வருடம். "மெலிஞ்சு போனாய்" என்றார். அதை நான் சொல்ல இருந்தேன்.

இரண்டாவது கிழமை தீவுக்குப் போனோம். பாலத்து ரயிலில் அவர் ஜன்னல் சட்டத்தையும் கதவு பூட்டும் விதத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார், கடலைப் பார்க்கவேயில்லை. "இதுதான் நீ சொன்ன உன்ர லண்டன் ரயிலோ? நல்ல வேலை. எறியாமல் பாவிக்கிறாங்கள்" என்றார்.

ரோமர் வீட்டு மேசையில் அந்தப் பெண் இருப்பாரா என்று தெரிந்துகொள்ளாமலே போனேன். இருந்தார். மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் படியில் கவனமாகக் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"போன வருடம் உங்களைச் சந்திக்கக் கிடைக்கவில்லை" என்றார் அப்பாவிடம். "நீங்கள் வெளியே பெஞ்சில் இருந்தீர்கள்."

நான் விளக்கத்தாள்களை நேராக அடுக்கத் தொடங்கினேன்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். வேலை செய்த காலத்துக் கந்தோர் ஆங்கிலத்தில், நிதானமாக, "ஆமாம் அம்மணி. அன்றைக்கு மிகவும் களைப்பு. இன்றைக்குப் பரவாயில்லை" என்றார்.

நாற்காலியை அந்தப் பெண் உள்ளறையிலிருந்து தானே தூக்கிவந்து போட்டார். மெத்தை இல்லை. அப்பா அதில் உட்கார்ந்து, தரைச் சித்திரத்தையும் சுவரையும் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

"நான் நினைச்சதிலும் சின்ன வீடு" என்றார். "நீ அளவுத்திட்டம் போடாததால வந்த பிழை."

"இன்னும் கொஞ்சம் இருந்து பாருங்கோ அப்பா. அங்கால குளிக்கிற அறை இருக்கு, சூடு வாற வழி இருக்கு."

"நீ பாத்திட்டு வா. நான் வெளிய இருக்கிறன்."

நான் போகவில்லை. அவரோடு வெளியே வந்தேன். செடி வேலியைப் போன வருடத்துக்குப் பிறகு வெட்டியிருந்தார்கள். வாசலிலிருந்து பெஞ்ச் நன்றாகத் தெரிந்தது. அக்கா கட்டித் தந்த இரண்டு பார்சலையும் பிரித்தேன். அப்பா சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மருந்து ஒன்றை விழுங்கி, கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக் கண்ணை மூடினார். மூச்சு சீராக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கவனித்தேன்.

தெருவில் ஒரு பெண் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கொப்பியை நான் அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. அவர் திரும்பிப் போக இன்னும் பதினொரு நாள் இருந்தது.